புளூட்டோ எங்க போச்சு, டி. ரெக்ஸ் ஏன் குனிஞ்சுது: நியூயார்க் ம்யூசியத்துல மூணு மாற்றங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

2001 ஜனவரி 22ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல ஒரு செய்தி வந்துச்சு, புளூட்டோ கிரகம் இல்லையாம், நியூயார்க்ல மட்டும்தான் அப்படியாம்னு. அமெரிக்கன் ம்யூசியம் ஆஃப் நேச்சுரல் ஹிஸ்டரில புதுசா கட்டின ரோஸ் சென்டர்ங்கற கோளரங்கக் கட்டடத்துல கிரகங்களோட மாடல் எல்லாம் தொங்கவிட்டிருக்காங்க, அதுல புளூட்டோ இல்லைங்கறதுதான் விஷயம். கவனிக்க வேண்டியது என்னன்னா ரோஸ் சென்டர் திறந்தது 2000 பிப்ரவரில, செய்தி வந்தது பதினோரு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் ஜனங்க தினமும் வந்து பார்த்துட்டுத்தான் போய்க்கிட்டிருந்தாங்க, வெளிய பெருசா பேச்சே இல்ல. செய்தி வந்த அன்னிலேர்ந்து பிடிச்சுது வினை, ஸ்கூல் பசங்க எல்லாம் கோவமா லெட்டர் எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

இந்தக் கதைய பலபேர் புளூட்டோ கதையாத்தான் சொல்வாங்க. நான் இத ஒரு ம்யூசியத்தோட கதையா பார்க்கறேன், ஏன்னா இதே கட்டடத்துல சுமார் பத்து வருஷத்துக்குள்ள இதே மாதிரி மூணு விஷயம் நடந்துச்சு. நாலாவது மாடில டி. ரெக்ஸ் டைனோசரோட எலும்புக்கூட்டைப் பிரிச்சு வேற மாதிரி நிக்க வெச்சாங்க, கோளரங்கத்துல புளூட்டோவை இடம் மாத்தினாங்க, அதே கோளரங்கத்துக்குக் கீழ இருக்கற பெரிய விண்கல் யாருக்குச் சொந்தம்னு ஒரு பழங்குடியோட உட்கார்ந்து பேசி எழுத்துல ஒப்பந்தம் போட்டாங்க. மூணுலயும் பொருள் மாறல, அதப் பத்தி ம்யூசியம் சொல்ற பேச்சுதான் மாறுச்சு. முன்னாடி ஒண்ணு சொன்னோம், இப்ப வேற சொல்றோம், காரணம் இதுன்னு பார்க்க வர்றவனுக்கு அந்த இடத்துலயே சொல்லணும், இதான் என்னோட வாதம். எங்க சொன்னாங்களோ அங்க நல்லபடியா முடிஞ்சுது, எங்க சொல்லாம விட்டாங்களோ அங்கதான் பஞ்சாயத்து ஆச்சு.

முதல்ல டி. ரெக்ஸ். ம்யூசியம் ஆரம்பிச்சது 1869ல. அவங்களோட ஃபாசில் (புதைபடிவம்) தேடற ஆள் பார்னம் பிரவுன், மொன்டானா மாநிலத்துல ஹெல் க்ரீக் பாறை அடுக்குல 1902ல ஒரு எலும்புக்கூடு எடுத்தார், அத வெச்சுத்தான் 1905ல ம்யூசியத்தோட விஞ்ஞானி ஹென்றி ஆஸ்பார்ன் டைரனோசாரஸ் ரெக்ஸ்னு பேர் வெச்சார். 1908ல பிரவுனுக்கு அதைவிட நல்லதா இன்னொண்ணு கிடைச்சுது, மண்டை ஓடு ஏறக்குறைய முழுசா இருந்துச்சு. இதோட நம்பர் 5027. ம்யூசியத்துல இன்னிக்கும் நிக்கறது இதுதான். ஆனா இதுக்குப் பின்னங்கால் கிடைக்கல, அதனால 1902ல எடுத்ததோட கால் எலும்பை அச்சு வார்த்து சேர்த்தாங்க. அந்த 1902 எலும்புக்கூட்டை 1941ல, யுத்தத்துல நியூயார்க்ல குண்டு கிண்டு விழுந்தா ரெண்டும் போயிடுமேன்னு பயந்து, 7,000 டாலருக்கு பிட்ஸ்பர்க் கார்னகி ம்யூசியத்துக்கு வித்துட்டாங்க.

1915ல 5027ஐ நிக்க வெச்சப்ப நேரா நிமித்தி வெச்சாங்க, முதுகு செங்குத்தா, வால் தரைல இழுபட்டுக்கிட்டு. உண்மைல ஆஸ்பார்ன் மனசுல இருந்த பிளான் வேற, ரெண்டு டி. ரெக்ஸ் ஒரு இரைக்கு சண்டை போடற மாதிரி வெக்கணும்னு ஆசைப்பட்டு அதுக்கு சின்ன மாடல்கூட செஞ்சு பார்த்தாங்க, அதுல ஒண்ணு நல்லா குனிஞ்சிருக்கும். அது நடக்கல, ஒண்ணே ஒண்ணு நிமிந்து நின்னுச்சு. அந்த ஒரு கூட்டைப் பார்த்துத்தான் உலகம் பூரா படம் வரைஞ்சாங்க, பொம்மை செஞ்சாங்க, புஸ்தகத்துல போட்டாங்க, மூணு நாலு தலைமுறை டி. ரெக்ஸ்னா இப்படித்தான்னு நினைச்சு வளர்ந்துச்சு. காட்சிப்பொருளுக்கு இருக்கற பலம் அது. நூறு ஆராய்ச்சிக் கட்டுரை செய்யாததை கண்ணு முன்னாடி நிக்கற ஒரு கூடு செஞ்சுடும், தப்பா நின்னாலும் சரி.

எப்படி தப்புன்னு தெரிஞ்சுது? அந்த நிலைல நின்னா இடுப்பு மூட்டும் கழுத்து மூட்டும் விலகிடும், உயிரோட இருக்கற பிராணியால அப்படி நிக்க முடியாது. டைனோசர் நடந்துபோன கால்தடம் பல இடத்துல பாறைல பதிஞ்சிருக்கு, பின்னாடி வால் இழுபட்ட கோடு அநேகமா எங்கயும் இல்ல. வால் தரைல இல்லைன்னா அப்ப அந்தரத்துலதான் இருந்திருக்கணும், பின்னாடி வால் நீட்டிக்கிட்டு இருந்தா முன்னாடி உடம்பு சாய்ஞ்சுதான் எடை சமமாகும். 1960கள்ல ஜான் ஆஸ்ட்ரம்ங்கற ஆராய்ச்சியாளர் டைனோனிக்கஸ்ங்கற டைனோசரோட எலும்பை எடுத்து, இது சோம்பலா ஊர்ற ஜந்து இல்ல, துள்ளி ஓடற ஜந்துன்னு சொன்னதுக்கப்புறம் மொத்தப் பார்வையும் மாறிப்போச்சு. கைவிரல் சமாச்சாரம் வேற இருக்கு, 1915ல மூணு விரல் வெச்சிருந்தாங்க, உண்மைல டி. ரெக்ஸுக்கு ரெண்டுதான்.

1990கள் தொடக்கத்துல மொத்த ஃபாசில் ஹாலையும் புதுப்பிச்சப்ப, ஃபில் ஃப்ரேலி தலைமைல ஒரு டீம் இந்தக் கூட்டைப் பிரிச்சாங்க. சும்மா கழட்டி மாட்டற வேலைன்னு நினைக்காதீங்க. ஆறரைக் கோடி வருஷத்துக்கு மேல ஆன எலும்பு, கல்லு மாதிரி கனம், ஆனா தட்டினா உடையும். மேல பழைய பிளாஸ்டர், பழைய பசை, உள்ள பழைய இரும்பு. எல்லாத்தையும் எடுத்து, விரிசலை ஒட்டி, ஒவ்வொரு எலும்புக்கும் அளவெடுத்து புதுசா ஸ்டீல் வளைச்சு வெல்டிங் பண்ணி நிக்க வெக்கணும். நிஜ மண்டை ஓடு ரொம்ப கனம்ங்கறதால அது கீழ தனியா கண்ணாடிப் பெட்டில இருக்கு, உடம்புல இருக்கறது நகல். 1995ல ஹால் திறந்தப்ப அதே 5027, தலையைத் தாழ்த்தி, வாலைப் பின்னாடி நீட்டி, பதுங்கி வர்ற மாதிரி நின்னுச்சு. பழைய நிலைல அண்ணாந்து பார்க்கணும், இப்ப அதோட முகம் நம்மளை நோக்கி வருது, என்னைக் கேட்டா இந்த நிலைலதான் பயம் ஜாஸ்தி.

பக்கத்துலயே அப்பட்டோசாரஸ். 1905லேர்ந்து நின்ன கூடு, அதுக்குத் தலை கிடைக்காததால வேற இனத்தோட தலையைப் பார்த்து கையால செஞ்சு மாட்டியிருந்தாங்க. அதையும் சரியான தலைக்கு மாத்தினாங்க, வாலை நீளமாக்கி தரைலேர்ந்து தூக்கினாங்க.

இதுக்கு யாரும் சண்டைக்கு வரல. ஏன்? ஒண்ணு, எதுவும் காணாமப் போகல, டி. ரெக்ஸ் டி. ரெக்ஸாவே இருந்துச்சு, கெத்தும் கூடிப்போச்சு. ரெண்டாவது எனக்கு முக்கியமாப் படறது, அந்த ஹாலே காரணத்தைச் சொல்ற மாதிரி அமைஞ்சிருக்கு. தரைல பரிணாம மரம் மாதிரி ஒரு கருப்புக் கோடு போகும், அதுலேர்ந்து கிளை பிரியும், ஒவ்வொரு கிளை பிரியற இடத்துலயும் இங்க என்ன புது அம்சம் வந்துச்சுன்னு எழுதியிருக்கும், இடுப்பெலும்புல ஓட்டை, மூணு விரல் பாதம் இப்படி. நடந்துகிட்டே போனா பறவை எப்படி டைனோசர் கிளைல வந்து உட்காருதுன்னு காலாலயே புரிஞ்சுக்கலாம். வெச்சிருக்கறதுல நூத்துக்கு எண்பத்தஞ்சு நிஜ ஃபாசில், எது நிஜம் எது நகல்னும் சொல்லிடறாங்க. குறை இல்லாம இல்ல. காலவரிசைல எதிர்பார்த்து வர்றவங்களுக்கு, எது முந்தி எது பிந்தின்னு புரியாம தலை சுத்தும், வேற வேற காலத்தைச் சேர்ந்த ஜுராசிக் பிராணியும் கிரெட்டேசியஸ் பிராணியும் ஒண்ணா நிக்கும். குழந்தையைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு அது உண்மையிலேயே கஷ்டம். ஆனாலும் இந்த அடுக்குக்கு என்ன ஆதாரம்னு கேட்டா பதில் அங்கயே இருக்கு.

இப்ப கோளரங்கத்துக்கு வருவோம். பழைய ஹேடன் பிளானட்டேரியம் 1935ல திறந்தது, சார்லஸ் ஹேடன்ங்கற பேங்க்காரர் பணம் கொடுத்து நட்சத்திரம் காட்டற ஜைஸ் ப்ரொஜெக்டர் வாங்கினதால அந்தப் பேர். 1997ல மூடி இடிச்சுட்டு, 210 மில்லியன் டாலர் செலவுல ரோஸ் சென்டர் கட்டினாங்க. பெரிய கண்ணாடிக் கட்டடம், உள்ள 87 அடி விட்டத்துல ஒரு வெள்ளை உருண்டை. உருண்டைக்குள்ள தியேட்டர். வெளிய அந்த உருண்டையைச் சுத்தி ஒரு நடைபாதை, அங்க பிரபஞ்சத்துல எது எவ்வளவு பெருசுன்னு காட்டறாங்க. ஒரு இடத்துல அந்த உருண்டைதான் சூரியன்னு வெச்சுக்கிட்டா கிரகங்கள் எவ்வளவு பெருசு இருக்கும்னு மாடல் தொங்கும். வியாழன் ஒம்போதடி, பூமி ஒரு சாண். புளூட்டோவை அதே அளவுல செஞ்சிருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு நானே கணக்கு போட்டுப் பார்த்தேன், நாலரை சென்டிமீட்டர்தான் வருது, ஒரு எலுமிச்சம்பழம். நம்ம நிலாவே அதைவிடப் பெருசு, நிலா 3,474 கிலோமீட்டர், புளூட்டோ 2,377.

அப்ப டைரக்டர் நீல் டிகிராஸ் டைசன். அவரோட டீம் என்ன முடிவு பண்ணினாங்கன்னா, கிரகங்களை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போறதை விட்டுட்டு ஒரே மாதிரி இருக்கறதெல்லாம் ஒரே குடும்பம்னு வெப்போம். பாறைக் கிரகம் நாலு ஒரு குடும்பம், பெரிய வாயுக் கிரகம் நாலு ஒரு குடும்பம், நடுவுல குறுங்கோள் பட்டை, நெப்டியூனுக்கு அப்பால பனிப் பொருள்கள் கூட்டமா சுத்தற கைப்பர் பட்டை. புளூட்டோ பனிக்கட்டியும் பாறையுமா இருக்கறது, பாதை பதினேழு டிகிரி சாய்ஞ்சது, 248 வருஷத்துக்கு ஒரு சுத்து, அதுல இருபது வருஷம் நெப்டியூனோட பாதைக்கு உள்ள வந்துட்டுப் போகும். எந்தக் குடும்பத்துலயும் ஒட்டல, கைப்பர் பட்டைல கச்சிதமா உட்காருது. அதனால அங்க போட்டாங்க.

அறிவியலா பார்த்தா இந்த முடிவு சரின்னுதான் நான் அடிச்சுச் சொல்வேன். கிளைட் டாம்பாக் 1930 பிப்ரவரி 18ல லோவெல் வானாய்வகத்துல போட்டோ தட்டுகளை மாத்தி மாத்திப் பார்த்துக் கண்டுபிடிச்சப்ப, இது பூமியளவு எடை இருக்கும்னு நினைச்சாங்க. 1978ல புளூட்டோவோட நிலா கேரனைக் கண்டுபிடிச்சப்பதான் எடையை ஒழுங்கா கணக்குப் போட முடிஞ்சுது, பூமில நானூத்துல ஒரு பங்குகூட தேறல. 1992ல டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் அதே பக்கத்துல இன்னொரு சின்னப் பொருளைக் கண்டுபிடிச்சாங்க, அப்புறம் நூத்துக்கணக்குல வந்துகிட்டே இருந்துச்சு. இது முன்னாடியும் நடந்ததுதான், 1801ல சீரஸைக் கண்டுபிடிச்சப்ப அதை கிரகம்னுதான் சொன்னாங்க, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு பட்டியல்ல இருந்துச்சு, பக்கத்துல அதே மாதிரி நிறைய கிடைக்கவும் குறுங்கோள்னு மாத்திட்டாங்க. அதுக்காக இப்ப யாரும் அழறதில்ல.

ம்யூசியம் இத ராவோட ராவா செஞ்சதுன்னும் சொல்ல முடியாது. 1999ல அங்கயே வானியலாளர்களைக் கூட்டி விவாதம் வெச்சாங்க, ஆலன் ஸ்டெர்ன், ஜேன் லூ, பிரையன் மார்ஸ்டன், டாம்பாக் வாழ்க்கையை எழுதின டேவிட் லெவி எல்லாரும் மேடைல. ஸ்டெர்ன் கிரகம்தான்னார், லூ இல்லைன்னார், மார்ஸ்டன் அதுக்கு குறுங்கோள் பட்டியல்ல பத்தாயிரமாவது நம்பர் கொடுத்துடலாம்னு அந்த சமயத்துல சொல்லிக்கிட்டிருந்தவர். ஆனா அதே வருஷம் சர்வதேச வானியல் ஒன்றியம், புளூட்டோ அந்தஸ்தை மாத்தற எண்ணம் எங்களுக்கு இல்லைன்னு அறிக்கை விட்டிருந்துச்சு. அதாவது உலக அமைப்பு ஒண்ணு சொல்லுது, ம்யூசியம் காட்சில வேற ஒண்ணு தெரியுது.

கோட்டை விட்டது இங்கதான். நியூயார்க் டைம்ஸ் செய்தியே சொன்ன மாதிரி, ம்யூசியத்துல எங்கயுமே புளூட்டோ கிரகம்னு எழுதல, கிரகம் இல்லைன்னும் எழுதல. நாங்க எண்ணவே இல்ல, குடும்பமா பிரிச்சோம், அவ்வளவுதான்னு டைசன் விளக்கம் சொன்னார். அது உண்மைதான், பொய் ஒண்ணும் இல்ல. ஆனா ஒம்போது கிரகம்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்த பத்து வயசுப் பிள்ளை, மாடல் தொங்கற இடத்துல நின்னு விரல் விட்டு எண்ணுது, எட்டுதான் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு அந்த இடத்துல பதில் வேணும், வேற சுவர்ல இருக்கற கைப்பர் பட்டை போர்டு அதுக்குப் பதில் இல்ல. நாமளும் ஸ்கூல்ல ஒம்போதுன்னு எழுதி மார்க் வாங்கினவங்கதானே, அந்தப் பிள்ளையோட குழப்பம் நமக்குப் புரியாதா. நானா இருந்தா முதல் நாளே மாடலுக்குக் கீழ இப்படி எழுதி வெச்சிருப்பேன்: "ஒன்பதாவதைத் தேடுகிறீர்களா? 1930 முதல் புளூட்டோவை இந்த வரிசையில் சேர்த்து வந்தோம். 1992க்குப் பிறகு அதைப் போன்ற நூற்றுக்கணக்கான பொருள்கள் கிடைத்ததால் அதை அவற்றோடு வைத்திருக்கிறோம். எல்லா வானியலாளர்களும் இதை ஏற்கவில்லை." நாலு வரி, அந்த லெட்டர்கள்ல பாதி வந்திருக்காது.

2005ல வானியலாளர் மைக் பிரவுனோட டீம், நெப்டியூனுக்கு அப்பால ஏரிஸ்ங்கற பொருளைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சாங்க, புளூட்டோவைவிட எடை ஜாஸ்தி. அப்புறம் யாராலயும் தள்ளிப்போட முடியல. 2006 ஆகஸ்ட் 24, பிராக் நகரத்துல சர்வதேச வானியல் ஒன்றியத்தோட ஓட்டெடுப்பு, கிரகம்னா சூரியனைச் சுத்தணும், உருண்டையா இருக்கணும், தன் பாதைல வேற பெரிய பொருள் இல்லாம சுத்தமா வெச்சிருக்கணும்னு மூணு நிபந்தனை, மூணாவதுல புளூட்டோ அடிபட்டு குள்ளக்கோள் ஆச்சு. ஓட்டுப் போட்டது 424 பேர்தான்னு ஸ்டெர்ன் இன்னிக்கும் விடாம எதிர்க்கிறார், அவர் கேக்கறதுலயும் நியாயம் இருக்கு. அவரோட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலை 14ல புளூட்டோவைத் தாண்டிப் போனப்ப பனிமலையும் நைட்ரஜன் பனிச் சமவெளியுமா எப்படி ஒரு உலகம், டாம்பாக்கோட அஸ்தில கொஞ்சம் அந்த விண்கலத்துலயே இருந்துச்சுன்னு நினைச்சாலே எனக்கு சிலிர்க்கும். பட்டியல்ல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, பார்க்கத் தகுந்த இடம் அது.

மூணாவது, வில்லமெட் விண்கல். உருண்டைக்குக் கீழ உள்ள ஹால்ல இருக்கு, பதினஞ்சரை டன் இரும்பு, நிக்கலும் கொஞ்சம். உடம்பு பூரா பள்ளம் பள்ளமா இருக்கும், சில பள்ளத்துல குழந்தை ஏறி உட்காரலாம், பழைய போட்டோல ரெண்டு பசங்க அப்படி உட்கார்ந்திருக்காங்க. அந்தப் பள்ளம் வானத்துலேர்ந்து விழறப்ப வந்ததில்ல, அது கிடந்த ஓரிகான் மாநிலத்து மழைல நனைஞ்சு, உள்ள இருக்கற இரும்பு சல்பைடோட தண்ணி சேர்ந்து அமிலமாகி கொஞ்சம் கொஞ்சமா அரிச்சது. பனியுகக் கடைசில வந்த மிசூலா பெருவெள்ளம் பனிக்கட்டியோட சேர்த்து இதை அடிச்சுக்கிட்டு வந்து அங்க போட்டுச்சு. அந்த ஊர் கிளாக்கமாஸ் மக்களுக்கு இது சாமி, பேரு டொமனோவோஸ். பள்ளத்துல நிக்கற மழைத்தண்ணி அவங்களுக்குப் புனிதம், வேட்டைக்குப் போறவங்க அம்பு முனையை அதுல நனைச்சுட்டுப் போவாங்க.

1902ல எல்லிஸ் ஹியூஸ்ங்கறவர் இதைப் பார்த்துட்டு, கல் இருந்த இடம் ஓரிகான் அயர்ன் அண்ட் ஸ்டீல் கம்பெனியோடதுன்னு தெரிஞ்சே மரவண்டி கட்டி ஒரு குதிரையை வெச்சு, முக்கால் மைல் தள்ளி தன்னோட நிலத்துக்குக் கொண்டுவந்துட்டார். கம்பெனி கேஸ் போட்டு 1905ல மாநில உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சுது. அப்புறம் ஒரு பணக்கார அம்மா வாங்கி ம்யூசியத்துக்குக் கொடுத்துட்டாங்க. கேஸ் நடந்தது ஹியூஸுக்கும் கம்பெனிக்கும், கல்லைக் கும்பிட்டவங்க அதுல ஒரு கட்சியே இல்ல. இத நினைச்சா எனக்கு ஆறமாட்டேங்குது. இதே ம்யூசியத்துல விண்கல் ஹால்ல இருக்கற 34 டன் அனிகிடோவும் இப்படித்தான், கிரீன்லாந்து இன்யூயிட் மக்கள் கத்தி செய்ய இரும்பு எடுத்த கல், 1897ல துருவப் பயணி ராபர்ட் பியரி கப்பல்ல ஏத்திட்டு வந்தார், கூடவே ஆறு இன்யூயிட் ஆளுங்களையும். நாலு பேர் சீக்கிரமே செத்துப்போனாங்க, அவங்க எலும்பை ம்யூசியம் வெச்சுக்கிச்சு, ஊருக்குத் திருப்பி அனுப்பினது 1993லதான்.

1999ல கிளாக்கமாஸ் மக்களும் சேர்ந்திருக்கற கிராண்ட் ரோண்ட் பழங்குடிக் கூட்டமைப்பு, பழங்குடியினரோட புனிதப் பொருளைத் திருப்பிக் கொடுக்கணும்ங்கற சட்டத்தைக் காட்டி கல்லைக் கேட்டாங்க. ம்யூசியம் முதல்ல எதிர்த்துச்சு. ரோஸ் சென்டர் திறந்து நாலே மாசத்துல, 2000 ஜூன்ல உடன்பாட்டுக்கு வந்தாங்க. கல் ம்யூசியத்துலயே இருக்கும், வருஷா வருஷம் அவங்க வந்து தனியா சடங்கு செஞ்சுக்கலாம், பழங்குடிப் பிள்ளைங்களுக்கு ம்யூசியத்துல பயிற்சி, ம்யூசியம் இந்தக் கல்லை பொதுமக்களுக்குக் காட்டறதை எப்பவாவது நிறுத்தினா உரிமை அவங்களுக்குப் போயிடும். முழுசா நியாயம் கிடைச்சுதான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்வேன், கல் இன்னும் ஓரிகான்ல இல்ல. 2019ல அதோட ஒரு சின்னத் துண்டை மட்டும் ஓரிகான்லயே இருக்கற ஒரு விமான ம்யூசியம் அவங்களுக்குத் திருப்பிக் கொடுத்துச்சு.

ஆனா அந்த ஒப்பந்தத்துல இருந்த இன்னொரு ஷரத்துதான் இந்த ஆய்வுக்கு எனக்கு முக்கியம். கல் எந்தக் காலத்து நட்சத்திரத்துல உருவான இரும்பு, எப்படி இங்க வந்துச்சுங்கற அறிவியல் விளக்கத்துக்குப் பக்கத்துலயே, கிளாக்கமாஸ் மக்களுக்கு இது யாருங்கறதையும் எழுதி வெக்கணும்னு ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாங்க. அதே வருஷம் அதே கட்டடத்துல புளூட்டோ ஏன் வரிசைல இல்லைன்னு மாடலுக்குக் கீழ ஒரு வரிகூட எழுதாம விட்டவங்க, இந்தக் கல்லுக்கு மட்டும் ரெண்டு பேச்சையும் ஒரே இடத்துல வெச்சிருக்காங்க, அதுவும் வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து கேட்டதுக்கு அப்புறம்.